புளியோதரைக்கு நான் போட்ட பச்சை

எதையும் துருவித் துருவிக் கேட்காவிட்டால் எனக்குத் தூக்கம் வராது. இரண்டாயிரம் பிறந்து ஐந்தாறு வருடங்கள் ஆகியிருக்கும். சின்னக் காஞ்சிபுரத்தில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் ஜாவா சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். பக்கத்து வகுப்பில் டி.டி.பி., அதாவது கம்ப்யூட்டரில் அச்சுக்கோப்பு, சொல்லிக்கொடுத்தவள் பிள்ளையார்பாளையத்து நெசவாளர் வீட்டுப் பெண், என்னைவிட இரண்டு வயது சின்னவள். மாலை டீக்கு யார் என்ன வாங்கி வந்தாலும் தொடமாட்டாள். முதலில் திமிர் என்று நினைத்தேன். பிறகு கேட்டேவிட்டேன்.

வேர்க்கடலை அவளுக்கு ஆகாதாம். வெறுமனே வயிற்றைக் கலக்குகிற 'ஆகாது' இல்லை இது. உதடு வீங்கும், தொண்டை அடைக்கும், மூச்சே நின்றுபோகலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

"கேட்டுட்டு சாப்பிட வேண்டியதுதானே?" என்றேன்.

"கேட்டா இன்னா சொல்றாங்க தெரியுமாக்கா? 'கொஞ்சூண்டுதாம்மா இருக்குது, ஒண்ணும் ஆவாது, சாப்டு'ன்றாங்க. இல்லாட்டி சிரிக்கிறாங்க. அதுக்குப் பட்டினியே கெடக்கலாம்."

மறுநாளே வேலையை ஆரம்பித்தேன். 'ஆப்' என்ற சொல் அப்போது எங்கள் காதில் விழவில்லை. ஜாவா புரோகிராம் என்போம். அவள் போனின் திரை தீப்பெட்டி அளவு. தமிழ் எழுத்து வராது. இங்கிலீஷ் எழுத்தில் பலகாரத்தின் பெயரை அடித்தால் பச்சையோ சிவப்போ காட்டும். பச்சை என்றால் சாப்பிடலாம், சிவப்பு என்றால் கூடாது. யாரிடமும் வாயைத் திறக்க வேண்டாம்.

பட்டியல் சேர்க்க ஊர் சுற்றியதுதான் எனக்குக் கொண்டாட்டம். தேங்காய் விலை ஏறினால் டிபன் கடைச் சட்னியில் பாதி வேர்க்கடலை என்று அப்போதுதான் தெரிந்துகொண்டேன். நான் நோட்டும் பேனாவுமாக நிற்பதைப் பார்த்து ஒரு மிக்சர்க் கடைக்காரர் என்னை ஏதோ ஆபீசர் என்று நினைத்துவிட்டார். கேட்காமலேயே காராபூந்திப் பொட்டலம் ஒன்றைக் கையில் திணித்தார். இப்படி நூற்றுக்கு மேல் சேர்ந்தன.

புளியோதரைக்கு மட்டும் யாரையும் கேட்கவில்லை. அப்பா கோயில் மடைப்பள்ளியில் சமைப்பவர். நான் பல் முளைத்த நாளிலிருந்து சாப்பிடும் புளியோதரை. நல்லெண்ணெய், மிளகு, கடலைப்பருப்பு. அதில் விசாரிக்க என்ன இருக்கிறது? பச்சை போட்டேன்.

வைகாசி கருட சேவையன்று காலையில் இருவரும் சேர்ந்து போனோம். தறிக்கெல்லாம் அன்று லீவு. தெருவுக்குத் தெரு பந்தல் போட்டு மோரும் பானகமும் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். நெசவாளர் தெருப் பந்தல் ஒன்றில் அவள் கையில் ஒரு தொன்னை புளியோதரை வந்தது. போனை எடுத்து அடித்தாள். பச்சை. என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டு, நடந்துகொண்டே சாப்பிட ஆரம்பித்தாள். எனக்கோ ஒரே பெருமை.

நான்கு வாய் போயிருக்கும். "க்கா, தொண்ட..." என்று கழுத்தைப் பிடித்துக்கொண்டாள். வேர்க்கடலையை வறுத்துப் பொடித்துக் கலந்திருந்தார்கள். பார்த்தால் தெரியவே தெரியாது. அந்தக் கூட்டத்துக்குள் ஆட்டோ வர முடியவில்லை. மோர் ஊற்றிக்கொண்டிருந்தவர் சொம்பைப் போட்டுவிட்டு ஓடிவந்து, தன் மொபெட்டில் எங்கள் இரண்டு பேரையும் ஏற்றிக்கொண்டு சந்து சந்தாக ஆஸ்பத்திரிக்கு ஓட்டினார். வழியெல்லாம் அவள் மூச்சு விசில் அடித்தது. ஊசி போட்டு அது அடங்கும்வரை எனக்கு உயிரே இல்லை.

பேச்சு வந்ததும் அவள் சொன்னாள்: "எங்க தெருப் பக்கம்லாம் புளிசோத்துல வேர்க்கல்ல போடுவாங்கன்னு எனக்குத் தெரியும்க்கா. ஆனா நீ எல்லாத்தையும் விசாரிச்சுக்கினுதானே போட்டிருப்ப? சரியாத்தான் இருக்கும்னு நெனச்சுட்டேன்."

எனக்கு அழுகை வந்துவிட்டது. தனக்குத் தெரிந்ததை விட்டுவிட்டு அவள் என்னை நம்பியிருக்கிறாள். வீட்டில் சொன்னபோது அப்பா ஆச்சரியப்பட்டார். "புளியோதரையில யாராவது வேர்க்கடலை போடுவாளா?" என்றார். நானும் அவர் பெண்தானே, அப்படித்தான் நினைத்திருந்தேன்.

புரோகிராமை அழித்துவிடப் போனேன். அவள்தான் தடுத்தாள். "பச்சைய மட்டும் எடுத்துடுக்கா." தமிழ் எழுத்து வராத போனில் படம் வரும் இல்லையா? டி.டி.பி.க்காரி மூன்று வரிகளைப் பெரிய எழுத்தில் அடித்துப் படமாக்கிக் கொண்டுவந்தாள். சிவப்பு அப்படியே இருந்தது. மற்ற எதை அடித்தாலும் இனி இந்தப் படம்தான்:

வேர்க்கடலை துளி சாப்பிட்டாலும் என் மூச்சு நின்றுவிடும்.
இதில் இருக்கிறதா?
தெரியாவிட்டால் தெரியாது என்று சொல்லுங்கள்.

கடைசி வரி எதற்கு என்று எனக்குப் புரியவில்லை. தான் சமைத்ததில் என்ன இருக்கிறது என்று தெரியாதவர்கள் உண்டா?

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை எங்கள் வீட்டுக்கு டிபனுக்கு வந்தாள். அப்பாவே பரிமாறினார். இலையில் இட்லியும் மிளகாய்ப்பொடியும் விழுந்ததும் அவள் போனை எடுத்து அவரிடம் நீட்டினாள். எனக்கு உடம்பெல்லாம் கூசிப்போயிற்று. பெருமாளுக்குத் தளிகை பண்ணுகிறவரைப் பார்த்து இப்படியா கேட்பது?

"நம்ம வீட்டுல அதெல்லாம்..." என்று ஆரம்பித்தேன்.

அப்பா கையைக் காட்டி என்னை நிறுத்தினார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மூன்று வரியையும் நிதானமாகப் படித்தார். உள்ளே போய்ப் பொடி டப்பாவைத் திறந்து முகர்ந்து பார்த்தார். திரும்பி வந்து அவள் முன்னாலிருந்த இலையை எடுத்துவிட்டு வேறு இலை போட்டார்.

"இட்லி நான் பண்ணினது, பயப்படாம சாப்பிடும்மா. பொடி இந்தத் தடவை கடையில வாங்கினது. அதுல என்ன இருக்குன்னு எனக்குத் தெரியாது."

சமையல் விஷயத்தில் அப்பா தெரியாது என்று சொல்லி நான் அதுவரை கேட்டதில்லை. புது இலையில் இட்லியோடு நெய்யும் சர்க்கரையும் வந்தன.

"இன்னும் ரெண்டு வைங்க அங்கிள்" என்று கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள்.