கொஞ்ச நாள் நிறுத்தி வைத்த மனு

கவுன்டருக்குப் பின்னால் இருந்த அந்த அம்மா சொன்னது காதில் விழுந்துவிட்டது. புத்தியில்தான் ஏறவில்லை. என் தம்பி மனைவியின் குடியுரிமை மனுவை மூடிவிட்டார்களாம். மூடச் சொன்னது யார் என்றால், என் தம்பியாம். கணவன் என்ற முறையில் கொடுத்திருந்த ஆதரவை விலக்கிக்கொள்வதாக இரண்டு மாதத்துக்கு முன்னால் அவனே நேரில் வந்து கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனானாம்.

வேறு யாருடைய மனுவையோ எடுத்துவிட்டீர்கள், பிறந்த தேதியை இன்னொரு தடவை பாருங்கள் என்றேன். பார்த்தார். பொறுமையாகத்தான் பார்த்தார். பிறகு கணினித் திரையை எங்கள் பக்கம் திருப்பினார். கடைசி எழுத்தின் வாலை இழுத்துக் கொண்டுபோய் அடியில் கோடு போடுகிற அந்தக் கையெழுத்து எனக்குத் தெரியாதா? ரிப்போர்ட் கார்டில் அப்பா கையெழுத்தை அவனே போட்டு மாட்டிக்கொண்ட காலத்திலிருந்து தெரியும். கவுன்டர் விளிம்பைப் பிடித்துக்கொண்டேன்.

பக்கத்தில் நின்ற தம்பி மனைவி எதையும் பிடித்துக்கொள்ளவில்லை. வரிசை எண் போட்ட துண்டுச் சீட்டை நாலாக மடித்தாள், எட்டாக மடித்தாள், அதற்குமேல் மடிய மாட்டேன் என்று அது அடம்பிடிக்கிற வரைக்கும் மடித்துக்கொண்டே இருந்தாள்.

வேலை செய்யும் இடத்தில் அவளுக்கு 'மடிப்பு' என்றே பெயர். ஒரு பெரிய ஹோட்டலின் அடித்தளத்தில், சலவைப் பிரிவில் இருக்கிறாள். ஈர விரிப்பை இரண்டு பேர் இரண்டு முனையில் பிடித்துச் சூடான உருளைக்குள் விடுவார்கள். மறுபக்கம் கொதிக்கக் கொதிக்க வெளியே வருவதை விரல் பொசுங்குவதற்குள் மடித்து அடுக்குவது இவள் வேலை. வீட்டிலும் அதே கைதான். மளிகைக் கடை பில்லை மடிப்பாள், மிட்டாய்க் காகிதத்தை மடிப்பாள். ஏம்மா, என் தம்பியையும் ஒருநாள் மடித்து அலமாரியில் வைத்துவிடப் போகிறாய் என்று நான் கிண்டல் செய்வேன். நீளமாக இருக்கிறார் அண்ணி, இரண்டு தட்டு வேண்டும் என்பாள்.

முதல் கணவர் விபத்தில் போய்விட்டார். அப்போது மகள் நடை பழகிக்கொண்டிருந்தாள். குழந்தையைத் தங்கையிடம் விட்டுவிட்டு, ஒப்பந்த வேலைக்கு என்று இந்த ஊருக்கு வந்தவள். வந்தாள், உழைத்தாள், பணம் அனுப்பினாள், போனில் பெண் வளர்வதைப் பார்த்தாள். சிரித்த முகமாகவே இருப்பாள் என்பதால் பலருக்கு அவள் சுமப்பது தெரியாது. எனக்கும் ரொம்ப நாள் தெரியாது.

என் தம்பி லிப்ட் மெக்கானிக். ஹோட்டலில் சரக்கு லிப்ட் இரண்டு மாடிக்கு நடுவில் நின்றுவிட்டது என்று போனால், உள்ளே இவளும் ஒரு தள்ளுவண்டித் துண்டுகளும். கதவை நெம்பித் திறந்தபோது அவள் அழுதுகொண்டோ கத்திக்கொண்டோ இருக்கவில்லையாம். வண்டி முழுக்க மடித்து முடித்துவிட்டு, கொஞ்சம் முன்னாடியே வந்திருந்தால் பாதி மடிக்காமலே கிடந்திருக்கும் என்றாளாம். பேசவே தெரியாத என் தம்பி அன்றைக்கு வீட்டுக்கு வந்து ஒன்றரை மணி நேரம் அவளைப் பற்றியே பேசினான். எனக்கு அப்போதே விளங்கிவிட்டது. அவளைவிடப் பதினாலு வயது மூத்தவன், தலையில் பாதி முடி இல்லை, வலது முழங்கால் தகராறு. ஆனாலும் அவள் சம்மதித்தாள். காதல் கத்தரிக்காய் என்றெல்லாம் அவள் பேசவில்லை. இவரோடு இருந்தால் மூச்சு முட்டவில்லை அண்ணி என்றாள்.

இந்த நாட்டில் ஒரு தாய் குடிமகளாகிவிட்டால், பதினெட்டு முடியாத பிள்ளையைத் தன்னிடம் வரவழைத்துக்கொள்ளலாம். மகளுக்குப் பதினேழு நடக்கிறது. அவளுக்கு வேண்டியது பாஸ்போர்ட் இல்லை, வாக்குரிமை இல்லை. அந்தப் பெண்தான். அவள் வாழ்க்கையில் மிச்சமிருந்த ஒரே ஆசை அது. அது என் தம்பிக்கும் தெரியும்.

கல்யாணம் நிஜம்தானா என்று சோதிக்கும் நேர்முகத்துக்கு இரண்டு பேரும் சேர்ந்துதான் போனார்கள். வெளியே பெஞ்சில் மற்ற ஜோடிகள் பரீட்சைக்குப் போவது மாதிரி ஒருவரையொருவர் கேள்வி கேட்டுத் தயாராகிக்கொண்டிருந்தபோது, இவர்கள் குழாயைச் சரியாக மூடாமல் வந்தது யார் என்று சண்டை போட்டுக்கொண்டிருந்தார்களாம். உள்ளே தனித்தனி அறை. சண்டை வந்தால் முதலில் இறங்கி வருவது யார் என்று அதிகாரி கேட்டிருக்கிறார். இவன் அவள்தான் என்றான், அவள் இவர்தான் என்றாள். பதில் ஒத்துப்போகவில்லையே என்று சொல்லிவிட்டு அந்த அதிகாரியே சிரித்துவிட்டாராம். கைகொடுத்து, முடிவு தபாலில் வரும், காத்திருங்கள் என்று அனுப்பினார்.

காத்திருந்தோம். என்ன காத்திருப்பு! வேலை முடிந்து வந்ததும் அவள் செருப்பைக்கூடக் கழற்றாமல் தபால் பெட்டியைத் திறப்பாள். மின்சாரக் கட்டணம் வந்தால்கூட ஒரு கணம் முகம் மலர்ந்து அணையும். மகள் அங்கே இந்த நாட்டு மொழியைப் படிக்க ஆரம்பித்துவிட்டாள். சாமான் அறையைக் காலிசெய்து அவளுக்கென்று ஒதுக்கினார்கள். சுவருக்கு வர்ணம் அடித்தது என் தம்பி. பாப்பாவுக்கு என்ன நிறம் பிடிக்கும் என்று போனில் கேட்டுக்கொண்டு, அந்த முழங்காலை வைத்துக்கொண்டு ஏணியில் ஏறி இரண்டு கோட் அடித்தான். அந்தக் கையாலேயே போய்க் கையெழுத்தும் போட்டிருக்கிறான். இரண்டு மாதமாக அவள் தபால் பெட்டிக்குள் கையை விட்டுத் துழாவுவதைப் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்திருக்கிறான்!

அவன் கொஞ்ச நாளாக உம்மென்று இருந்தது உண்மை. முழங்கால் வலி என்று நினைத்து அவள் எண்ணெய் காய்ச்சித் தேய்த்துவிட்டாள். ஏன் இன்னும் முடிவு வரவில்லை, நேரில் போய்க் கேட்டுவிடலாமா என்று அவள் சொன்னபோதெல்லாம் அவனுக்கு ஏதாவதொரு லிப்ட் நின்றுபோனது. அதனால்தான் என் தையல் கடையை மூடிவிட்டு நான் அவளோடு போனேன்.

கோப்பு போன வாரம்தான் மூடப்பட்டது, கடிதம் இனிமேல்தான் வரும் என்றார் கவுன்டர் அம்மா. புதிதாக மனுப் போடலாம், கணவர் மறுபடி கையெழுத்திட வேண்டும், சேர்ந்து வாழ்வதைக் காட்ட வேண்டும், இரண்டு பேரும் மறுபடி நேர்முகத்துக்கு வர வேண்டும் என்றார். மகளின் வயதைச் சொல்லிக் கேட்டேன். உடனே போட்டால் ஒருவேளை முடியும், உறுதி சொல்ல மாட்டேன் என்றார். நல்ல அம்மாதான். எங்களுக்குத் தண்ணீர் கொடுத்தார்.

பேருந்தில் நான் வாய் ஓயாமல் திட்டிக்கொண்டு வந்தேன். கூடப் பிறந்தவன் என்று பார்க்காமல் வாயில் வந்ததையெல்லாம் சொன்னேன். நடுவில் ஒரு தடவை, ஏதாவது தப்பாகப் புரிந்திருக்கும் அண்ணி, அவர் அப்படிச் செய்கிறவர் இல்லை என்றாள். கையெழுத்தைக் கண்ணால் பார்த்த பிறகும் அப்படிச் சொன்னாள். எனக்கு அழுகை வந்துவிட்டது, ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

அவன் அன்றைக்கு ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் வேலையாக இருந்தான். கீழ்த்தளத்தில் லிப்ட் கதவு பிளந்து கிடந்தது. காய்கறிப் பையோடு இரண்டு மூன்று பேர் படியைப் பார்த்துப் பெருமூச்சு விட்டுக்கொண்டிருந்தார்கள். குழிக்குள்ளிருந்து ஏறி வந்தவன் எங்கள் இரண்டு பேர் முகத்தையும் பார்த்தான். ஹெல்மெட்டைக் கழற்றினான். என்னவென்று கேட்கவில்லை. அவன் கேட்காததிலேயே எல்லாம் தெரிந்துபோயிற்று.

"நான் வேண்டாம்னு எழுதிக் குடுக்கலக்கா," என்றான். "கொஞ்ச நாள் நிறுத்தி வைங்கன்னுதான் கேட்டேன். அவங்க ஒரு தாள நீட்டினாங்க. போட்டேன்."

லிப்டில் ஏதோ சந்தேகம் என்றால் மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு, வாசலில் பலகை மாட்டிவிடுவார்களாம். எல்லாம் சரி என்று தெரிந்த பிறகு சுவிட்சைப் போட்டால் நின்ற இடத்திலிருந்து அது பாட்டுக்கு மேலே போகுமாம். மனுவும் அப்படித்தான் நிற்கும் என்று நினைத்தானாம் இந்தப் புத்திசாலி. தன் மனம் சமாதானமானதும் போய், சரி, இப்போது ஓட்டுங்கள் என்று சொல்லலாம் என்றிருந்தானாம். என் கை தானாக ஓங்கிவிட்டது. முகம் முழுக்க கிரீஸ், எங்கே அறைவது என்று தெரியாமல் இறக்கிக்கொண்டேன்.

உன் மனதுக்கு என்னடா வந்தது என்று கேட்டேன். தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னான். ஒர்க் ஷாப்பில் ஒருத்தனுடைய மனைவி, குடியுரிமை வந்த மறுவாரமே பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாளாம். அதிலிருந்து மற்றவர்கள் இவனைப் பிடித்துக்கொண்டார்கள். உனக்கும் நாள் நெருங்குகிறது, பொண்ணும் வந்துவிட்டால் அம்மாவும் மகளும் சேர்ந்து டாட்டா காட்டிவிடுவார்கள் என்று டீ குடிக்கும்போதெல்லாம் சொல்லியிருக்கிறார்கள். இவன் சிரித்துவிட்டு வீட்டுக்கு வந்து கண்ணாடியைப் பார்த்திருக்கிறான். முடி இல்லை, முழங்கால் இல்லை, வயது இருக்கிறது. பேப்பர் வந்த பிறகு நான் அவளுக்கு எதற்கு என்று தோன்றிவிட்டதாம்.

அவள் அதுவரைக்கும் பிளந்து கிடந்த அந்தக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாமேங்க."

"கேட்டா, போகமாட்டேன்னுதான் சொல்லுவே," என்றான். "போறதா இருந்தாலும் அதத்தானே சொல்லுவே."

இத்தனை வருடம் எண்ணெய் தேய்த்தது, சமைத்துப் போட்டது, லீவு நாளில் இரண்டு பேரும் ஒரே டம்ளரில் மாற்றி மாற்றி டீ குடித்தது எல்லாவற்றையும் அவன் ஒரே வாக்கியத்தில் சந்தேகப் பட்டியலில் சேர்த்துவிட்டான். அவனுக்கே அது புரிந்திருக்க வேண்டும். உதட்டைக் கடித்துக்கொண்டான்.

அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

"உங்கள விட்டுட்டுப் போகணும்னு ஒரு நாள்கூட எனக்குத் தோணினதில்லங்க," என்றாள். "இப்ப தோணுது."

அவன் அப்படியே கருவிப்பெட்டி மேல் உட்கார்ந்துவிட்டான். படியேறப் போனவர்கள்கூட நின்று திரும்பிப் பார்த்தார்கள். நான் அவள் தோளைத் தொட்டேன், என் வீட்டுக்கு வந்துவிடு என்றேன். என் தம்பி எதிரிலேயேதான் சொன்னேன். அவள் மெதுவாக என் கையை எடுத்துவிட்டாள்.

"போக முடியாது அண்ணி. தனியா இருந்தா மனு நிக்காது. பொண்ணு வர முடியாது." பிறகு அவனைப் பார்த்து, வேலைக்காரப் பெண்ணுக்கு வேலை சொல்வது மாதிரி வரிசையாகச் சொன்னாள். நாளைக்கு லீவு போடுங்கள். காலையில் இரண்டு பேரும் போய்ப் புது மனு கொடுக்கலாம். மறுபடி கூப்பிடுவார்கள், மறுபடி தனித்தனி அறையில் உட்கார வைத்துக் கேட்பார்கள். போன தடவை இருந்ததை அப்படியே சொல்லிவிட்டு வந்தோம், இந்தத் தடவை என்ன சொல்வது என்று படித்துக்கொண்டுதான் போக வேண்டும் என்றாள்.

அவன் சரி என்று தலையாட்டினான். எது சொன்னாலும் ஆட்டியிருப்பான்.

"உங்க மனைவி உங்ககூட சந்தோஷமா இருக்காங்களான்னு கேப்பாங்க," என்றாள். "என்ன சொல்லுவீங்க?"

அவன் நிமிர்ந்து அவளைப் பார்த்தான்.

"ஆமான்னு சொல்லணும்," என்று அவளே சொல்லிக் கொடுத்தாள்.