சிப்பரக்கா வாங்கிய மெஷின்

மரம் வெட்டுகிறவர்கள் மத்தியில் அவளுக்குச் சிப்பரக்கா என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருந்தது. அது வேலைக்கு உதவவில்லை. புருஷன் மரத்தில் ஏறிக் கிளைகளை அறுத்துத் தள்ளுவான். கொழுந்தன் கீழே நின்று அவற்றை இழுத்து வருவான். லாரிக்குப் பின்னால் கட்டி இழுத்துப் போகும் சிப்பர் மெஷினின் வாயில் அந்தக் கிளைகளைக் கொடுப்பது அவள் வேலை. உள்ளே இரண்டு உருளைகள் கிளையைக் கவ்வி இழுக்கும். அதற்கும் உள்ளே, கத்திகள் பூட்டிய டிரம் ஒன்று சுழன்று, வந்ததையெல்லாம் சில்லுகளாக்கி லாரிக்குள் துப்பும். ஆளுயரக் குவியல் ஒரு டீ குடிக்கிற நேரத்தில் காணாமல் போய்விடும்.

கல்யாணமாகி வந்த புதிதில் அந்தச் சத்தத்துக்கே அவளுக்கு உடம்பு நடுங்கும். அப்புறம் மெஷின் அடிக்கடி மக்கர் பண்ணி, ஒவ்வொரு முறையும் மெக்கானிக் வருவதற்குள் அன்றைய வேலை கைவிட்டுப் போனதில், அவளே ஸ்பேனரைத் தூக்கினாள். கத்தி தேய்ந்தால் திருப்பிப் போடுவது, பெல்ட்டை இறுக்குவது, பேரிங்குக்கு கிரீஸ் அடிப்பது எல்லாம் அவள் பொறுப்பானது. இத்தனை வருடச் சத்தத்தில் காது பாதி போய்விட்டது. அதனால் மெஷினை உள்ளங்கையால்தான் கேட்பாள். மூடிமேல் கையை வைத்து, "இந்தப் பக்கம் பேரிங் போகப்போகுது" என்றால் போகும்.

பெருங்காற்று அடித்து ஊரெல்லாம் மரம் சாய்ந்து கிடந்த சமயம் அது. கான்ட்ராக்டர் ஒரு வட்டாரத்தையே இவர்களிடம் ஒப்படைத்திருந்தார். வேலைக்கு முன்பு கத்தியைத் திருப்பிப் போடலாம் என்று மூடியைத் திறந்து, மண்ணெண்ணெய்த் துணியால் டிரம்மைத் துடைத்தாள். போல்ட் ஓட்டையிலிருந்து நீளமாக ஒரு தலைமுடி ஒட்டியிருந்தது. நகத்தால் எடுக்கப் பார்த்தாள். வரவில்லை. அது முடியல்ல, விரிசல்.

டிரம்மைக் கழற்றி, மூன்று பேருமாக வெல்டிங் பட்டறைக்குக் கொண்டுபோனார்கள். பட்டறைக்காரன் குனிந்து பார்த்துவிட்டுக் கையைப் பின்னால் கட்டிக்கொண்டான்.

"இரும்புக் கேட்டு, ஜன்னல் கிரில்லுன்னா இப்பவே ஒட்டித் தரேங்கா. இது சுத்துற சாமான். நாளைக்குப் பிச்சுக்கிட்டுப் போயி யார் தலையில விழும்னு நெனச்சா எனக்குச் சோறு எறங்காது."

"பேருக்கு ஒரு வெல்டிங் கோடு வச்சுக் குடுப்பா. ஒரு மாசம் ஓடுனாப் போதும்" என்றான் புருஷன்.

"ஒரு மாசம் ஓடும்னு அதுக்கிட்ட யாருண்ணே சொல்றது?"

வேறு மெஷின் பார்ப்பதைத் தவிர வழியில்லை என்றாகிவிட்டது. புதுசு விற்கும் கடைக்குள் ஒரு சுற்று சுற்றி, விலையைப் பார்த்ததும் பாத்ரூம் தேடி வந்தவர்கள் மாதிரி வெளியே வந்தார்கள். பிறகு பழசு தேடி அலைந்தார்கள். ஓரிடத்தில் மெஷின் மினுமினுவென்றிருந்தது. போல்ட் தலைகள் மேலேகூடப் பெயின்ட் வழிந்திருந்தது. என்னத்தை மறைக்கிறானோ என்று திரும்பிவிட்டாள். இன்னோரிடத்தில் இஞ்சின்மேல் கையை வைத்தாள். கொதித்தது.

"காலைல ஓட்டுனீங்களா?"

"இல்லம்மா, வெயிலு."

மெஷின் நின்றது கொட்டகைக்குள். குளிர்ந்த இஞ்சின் ஒரே இழுப்பில் கிளம்பாது என்பதால் முன்கூட்டியே ஓட்டிச் சூடாக்கி வைத்திருக்கிறான். "வாங்க போலாம்" என்று புருஷனை இழுத்துக்கொண்டு வந்தாள்.

கான்ட்ராக்டர் தினமும் போன் பண்ணிக்கொண்டிருந்தார். புருஷன் காலில் வெந்நீர் ஊற்றிக்கொண்டவன் மாதிரி வாசலுக்கும் உள்ளுக்கும் நடந்தான். அப்போதுதான், தொழிலை மூடிய ஒருவரின் மெஷின் விலைக்கு வந்தது. இஞ்சின் குளிர்ந்திருந்தது, இருந்தும் கிளம்பியது. டிரம்மில் கீறல் இல்லை. பேரிங் அவள் கைக்கு அமைதியாகப் பட்டது. ஒரே ஒரு குறை: வாய்க்கு மேலே குறுக்காக இருக்கும் ஸ்டாப் கம்பியைக் கட்டுக்கம்பி போட்டு இறுக்கிக் கட்டியிருந்தார்கள். ஆபத்தென்றால் அந்தக் கம்பியை இடித்தால் போதும், இழுப்பு உருளைகள் அப்படியே நிற்கவேண்டும். அவிழ்த்து இடித்துப் பார்த்தாள். உருளைகள் தம் பாட்டுக்குச் சுற்றின.

"அது தொட்டதுக்கெல்லாம் நின்னு உயிர வாங்கும்மா. அதான் கட்டிப் போட்டோம். நல்லாத்தானே ஓடுச்சு?" என்றார் விற்றவர்.

வாங்கி வந்தார்கள். மறுநாளே வேலை தொடங்கவேண்டும், இல்லையென்றால் வேறு ஆள் போடுவேன் என்று கான்ட்ராக்டர் சொல்லிவிட்டார். கம்பியை இடித்தால் உருளைகளை நிறுத்துகிற வால்வைச் சரிபண்ணாமல் மெஷின் தெருவில் இறங்காது என்று இவள் சொன்னாள்.

"இத்தன வருசம் ஓட்டுனியே, ஒரு தடவையாச்சும் அந்தக் கம்பிய இடிச்சிருக்கியா?" என்று கேட்டான் புருஷன்.

"இல்ல."

"அப்பறம் என்ன?"

அவள் மெஷின் சாவியை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டாள்.

வால்வைப் பிரித்ததில் உள்ளே ஸ்பிரிங் இரண்டாக ஒடிந்து கிடந்தது. கடைக்காரன், சாமான் வெளியூரிலிருந்து வரவேண்டும் என்று கையை விரித்தான். பழைய இரும்புக் கடைகளில் நொறுங்கிய வண்டிகளுக்கு நடுவே தேடித் தேடி, அதே மாதிரி வால்வு ஒன்றைக் கழற்றி வந்து பொருத்தினாள். இடித்தால் உருளைகள் நின்றன. அதற்குள் கான்ட்ராக்டர் பெரிய தெருக்களையெல்லாம் வேறு குழுவுக்குக் கொடுத்துவிட்டார். இவர்களுக்கு மிஞ்சியது ஒரு முட்டுச்சந்து.

புருஷன் பேச்சை நிறுத்திக்கொண்டான். கைநீட்டினால் தொடும் தூரத்தில் உட்கார்ந்துகொண்டு, "உங்க அண்ணிகிட்ட தண்ணி கேளுடா" என்பான் தம்பியிடம். கொழுந்தன் இவள் பக்கம் திரும்பி, "அண்ணி, அண்ணனுக்குத் தண்ணியாம்" என்பான். ஒருநாள், "நான் வேணா ஒரு மைக்கு வாங்கித் தரட்டுமா?" என்று கேட்டுத் திட்டு வாங்கினான். யாரும் சிரிக்கவில்லை.

சந்துக்குள் பட்டுப்போன ஒரு பெரிய மரமும், அதையொட்டிப் பச்சையாக இன்னொன்றும் நின்றன. வழக்கமாகப் புருஷன் மேலே இடம் மாறும்போதெல்லாம் விசிலடித்து, தன் இடுப்புக் கயிற்றின் வால் எங்கே கிடக்கிறது என்று கையைக் காட்டுவான். அவளும் அதை ஒதுக்கிப் போடுவாள். அன்று அவன் இவள் பக்கம் பார்க்கவே இல்லை. இவளும் வீம்புக்கு நிமிரவில்லை.

பச்சைக் கிளைக் கட்டு ஒன்று வாய்க்குள் போய்க்கொண்டிருந்தது. இலைகளுக்கு நடுவே ஆரஞ்சு நிறத்தில் ஏதோ ஓடுவதைக் கண்டாள். பூ என்றுதான் முதலில் நினைத்தாள். அவன் இடுப்புக் கயிற்றின் வால். கிளையோடு சுற்றிக்கொண்டு உருளைகளுக்குள் போய்க்கொண்டிருந்தது. மேலே அவன் கத்தியிருக்கிறான், கொழுந்தனும் கத்தியிருக்கிறான். அவளுக்கு எதுவும் கேட்கவில்லை. தோளாலேயே கம்பியை இடித்தாள். உருளைகள் நின்றன. டிரம் மட்டும் உள்ளே சுற்றிக்கொண்டிருந்தது. அதன் கத்திக்கும் கயிற்றுக்கும் இடையில் ஒரு சாண்கூட இல்லை. பாய்ந்து இஞ்சினை அணைத்துவிட்டு நிமிர்ந்து பார்த்தாள்.

கயிறு இழுத்த இழுப்பில் அவன் கிளையிலிருந்து பிடுங்கப்பட்டு, நடுமரத்தில் போய் மோதித் தொங்கிக்கொண்டிருந்தான். ஒரு கை முறுக்கிப் போட்ட துணி மாதிரி பின்பக்கம் கிடந்தது. கொழுந்தன் அழுதுகொண்டே ஏறினான். அண்ணனைத் தன் இடுப்போடு கட்டி அங்குலம் அங்குலமாக இறக்கினான்.

உயிர் பிழைத்தான். விலா எலும்புகள் கூடிவிட்டன. தோள் கூடவில்லை. நரம்பு அறுந்திருக்கிறது, இனி அந்தக் கை நெஞ்சுக்கு மேலே எழாது என்று டாக்டர் சொன்னார். மரம் ஏறுகிறவனிடம் அதைச் சொன்னால் என்ன அர்த்தம் என்று டாக்டருக்குத் தெரிந்திருக்காது. ஆஸ்பத்திரிக் கட்டிலில் பல நாள் மௌனத்துக்குப் பிறகு அவன் அவளிடம் நேராகக் கேட்டது ஒன்றுதான்.

"கம்பிய இடிச்சதும் நின்னுச்சா?"

"நின்னுச்சு."

அவன் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டான். அவளும் வராந்தாவுக்குப் போய் நின்றாள். ஸ்பிரிங்குக்காகச் சண்டை போடாமல் இருந்திருந்தால் அவன் வழக்கம்போல விசிலடித்திருப்பான். சண்டை போட்டிருக்காவிட்டால் கம்பியை இடித்தும் எதுவும் நின்றிருக்காது. இரண்டையும் மாற்றி மாற்றி யோசித்தாள். எந்தப் பக்கம் போனாலும் முட்டியது.

கொழுந்தன் அதன்பின் ஒரே ஒரு தடவை ஏறிப் பார்த்தான். பாதி மரத்தில் அங்கேயே கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றான். ஏணி வைத்து இறக்கினார்கள். "என்னால முடியல அண்ணி. கண்ண மூடுனா அண்ணன் தொங்குறாரு" என்றான். ஒரு கிடங்கில் வண்டி ஓட்டப் போய்விட்டான். அவளும் போ என்றுதான் சொன்னாள்.

ஏறுவதற்கு ஆளில்லாத வீட்டின் முன்னால் மெஷின் நின்றது. விற்றுவிடலாம் என்று ஆள் சொல்லி வைத்தாள். பார்க்க வந்தவன் சுற்றிப் பார்த்துவிட்டு, கம்பியைக் கையால் ஆட்டி, "இது வேணாம்னா கட்டிக்கலாம்ல?" என்று கேட்டான். புருஷன்தான் உள்ளேயிருந்து, "விக்கிறதுக்கில்லப்பா, போ" என்றான். அன்றைக்கு அவர்கள் வீட்டில் அடுப்பெரிய என்ன வழி என்று அவனுக்கும் தெரியாது.

கடைசியில் தங்கள் தெருக்களை வாங்கிக்கொண்ட அதே குழுவிடம் போய் நின்றாள். அவர்கள் மெஷின் கத்தி உடைந்து கிடந்தது. "மெஷின மட்டும் குடுக்கா" என்றான் தலைவன். "நானும் சேந்துதான் வருவேன்" என்றாள். நாள்கூலிக்கு, நேற்றுவரை தன்னுடையதாக இருந்த தெருக்களில், யாரோ தள்ளும் கிளைகளை வாங்கிப் போட்டாள். சிலர் முதுகுக்குப் பின்னால் ஏதோ சொல்லிச் சிரித்தார்கள். காது மந்தமாக இருப்பதில் அந்த ஒரு லாபம்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் புருஷன் முகத்தைப் பார்ப்பது கஷ்டமாக இருக்கும். நெடுநாள் அவன் வேலையைப் பற்றிக் கேட்கவே இல்லை. ஒருநாள் அவள் தலையைத் துவட்டிக்கொண்டிருந்தபோது அருகில் வந்து, நல்ல கையால் அவள் முடியிலிருந்து ஒரு சில்லை எடுத்தான். மோந்து பார்த்தான்.

"வேம்பா?"

"ஆமா. கட்டடத்து மேல சாஞ்சு கெடந்துச்சு."

"ஏறுனவன் எந்தக் கெளைய மொதல்ல எடுத்தான்?"

"கட்டடத்துப் பக்கம் இருந்தத."

"தப்பு" என்றான். "எதிர்ப்பக்கத்துல பாரத்தக் கொறைக்காம அத எடுத்தா மரம் உருளும். அவன்கிட்ட சொல்லு." கையிலிருந்த சில்லைத் திருப்பிப் பார்த்துக்கொண்டே, "நான் சொன்னேன்னு சொல்ல வேணாம்" என்றான்.

அவள் துண்டை உதறிக் கொடியில் போட்டாள். "நீங்களே வந்து சொல்லுங்க. லாரியில எடம் இருக்கு" என்றாள்.

"காலைல எத்தன மணிக்குக் கெளம்புது?" என்றான் அவன்.