வேன் கதவில் என் பெயர்

பெருமை பீற்றிக்கொள்வதில் எங்கள் குடும்பத்தில் என்னை மிஞ்ச ஆள் கிடையாது. அதற்குக் காரணம் இருந்தது. நான் ஐந்தாம் வகுப்பு படிக்கும்போதே என் பெயர் ஆரணி வீதிகளில் நான்கு சக்கரத்தில் ஓடியது. என் வகுப்பில் வேறு யாருக்கும் அந்தக் கொடுப்பினை வாய்க்கவில்லை. மொட்டைமாடி வைத்த வீடு இருந்த பெண்களுக்குக்கூட வாய்க்கவில்லை.

அப்பா தறியில் உட்கார்ந்து நெய்தவர். பிறகு நாலைந்து தறிக்காரர்களுக்குப் பாவு நூலும் ஜரிகையும் கொடுத்து, நெய்த புடவைகளை வாங்கிக் கடைகளுக்குப் போடும் சின்ன வியாபாரியானார். அந்த வியாபாரத்துக்கு என் பெயரைத்தான் வைத்திருந்தார். என் பெயர், அதன் பின்னால் சில்க்ஸ். இரண்டாம் கையாக வாங்கிய ஒரு ஆம்னி வேனில் சரக்கு போகும், வரும். ஆனால் வேனில் பெயர் எழுதியிருக்கவில்லை. வெள்ளை வேன், வெறும் வேன். அதில் எனக்கு ஆற்றாமைதான்.

அந்த ஆற்றாமையைத் தீர்த்தவள் என் அத்தை. அப்பாவின் ஒரே தங்கச்சி. வேலூருக்கு பஸ்ஸில் போய் வந்து கம்ப்யூட்டர் படித்தவள், படித்துவிட்டுச் சும்மா இருக்கவில்லை. ஸ்டிக்கர் வெட்டும் மெஷின் ஒன்றை வாங்கி, பஸ் ஸ்டாண்டு அருகே ஒரு மாடிப்படிக்குக் கீழே கடை போட்டுவிட்டாள். தெருவில் எல்லோரும் மூக்கில் விரல் வைத்தார்கள். பொம்பளைப் பிள்ளை பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்துகொண்டு ஆட்டோக்காரர்களுக்கு ஸ்டிக்கர் ஒட்டுகிறதாம். அந்த நேரம் பார்த்து சேத்துப்பட்டிலிருந்து ஒரு சம்பந்தம் வந்தது. அவர்கள் நல்ல மாதிரிதான். ஆனால் பெண் கடையில் உட்காரக் கூடாது என்று முதலிலேயே சொல்லிவிட்டார்கள். அப்பா யோசித்து ஒரு கெடு வைத்தார்.

"பொங்கலுக்குள்ள கடை தானா நிக்கணும். நிக்கலேன்னா மெஷினை வித்துட்டு சேத்துப்பட்டுக்கு சரின்னு சொல்லிடலாம்."

அப்பாவுக்கு எதிரே நின்று பேசுகிற வழக்கம் அத்தைக்கு இல்லை. ஆனால் அன்றிலிருந்து சாப்பிட வீட்டுக்கு வருவதை நிறுத்திவிட்டாள். அம்மாதான் தூக்கு நிறைய சோறு கொடுத்து என்னை அனுப்புவாள். எனக்கோ கொண்டாட்டம்.

அத்தை வேலை செய்கிறதைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம். மெஷின் கர்ர் கர்ர் என்று எழுத்துகளை வெட்டித் தள்ளும். வெட்டிய தாளைப் பார்த்தால் எதுவும் தெரியாது. அத்தை ஊசிமுனையால் வேண்டாத பகுதியைக் கிளப்பி உரிப்பாள், எழுத்து மட்டும் நிற்கும். 'ஞ'வின் வயிற்றுக்குள் இருக்கும் துணுக்கை எடுக்கும்போது மூச்சைப் பிடித்துக்கொள்வாள். மேலே டேப் ஒட்டி, எழுத்தை அப்படியே தூக்கி, சோப்புத் தண்ணீர் தெளித்த கண்ணாடியில் வைத்து நகர்த்தி நகர்த்தி நேராக்குவாள். பிறகு ஒரு பிளாஸ்டிக் துண்டால் நடுவிலிருந்து ஓரத்துக்கு வழித்துத் தண்ணீரை வெளியே தள்ளுவாள். கீறல் விழக்கூடாது என்று அந்தப் பிளாஸ்டிக்குக்குப் பட்டுத்துணிச் சட்டை போட்டிருந்தாள். எங்கள் வீட்டுத் தறியில் வெட்டி விழுந்த துண்டுதான் அது. உலகத்திலேயே பட்டுடுத்திக்கொண்டு வேலை செய்த சுரண்டி அது ஒன்றாகத்தான் இருக்கும்.

ஆட்டோவும் மோட்டார் சைக்கிள் நம்பர் பிளேட்டும் வைத்து ஒரு கடை நிற்காது. பட்டுக் கடைகளின் வேலை வர வேண்டும். அந்த வேலையெல்லாம் வேலூருக்கும் சென்னைக்கும் போய்க்கொண்டிருந்தது. ஊரில் நான்கு வேன் வைத்திருந்த ஒரு பெரிய பட்டுக் கடைக்காரர் இருந்தார். வேனில் கடைப்பெயர் வேண்டும், ஆனால் கல்யாண வீட்டுக்கு வண்டி கேட்டால் பெயரைக் கழற்றிவிட்டு அனுப்பவும் வேண்டும் என்பது அவருடைய ஆசை. ஸ்டிக்கர் ஒட்டினால் கழற்ற முடியாது. உரித்தால் பசை நிற்கும், பெயின்ட் போகும். அத்தை அவரிடம் போய் காந்தத் தகட்டைப் பற்றிச் சொன்னாள். ரப்பர் போல வளையும், ஒரு பக்கம் எழுத்து, மறு பக்கம் காந்தம், கதவில் வைத்தால் கப்பென்று பிடித்துக்கொள்ளும், வேண்டாமென்றால் எடுத்துவிடலாம். அவர் நம்பவில்லை.

"நீ ஒரு வண்டில மாட்டிக் காட்டும்மா. அப்புறம் பாக்கலாம்."

வண்டிக்கு எங்கே போவது? இருந்தது எங்கள் வேன்தான்.

அப்பா ஒத்துக்கொண்டார். வேண்டாமென்றால் எடுத்துவிடலாம் என்பதால் ஒத்துக்கொண்டார் என்றுதான் எனக்குப் பட்டது. சென்னையிலிருந்து பார்சலில் தகடு வந்தது. அத்தை முதலில் ஒரு சின்னத் துண்டை எடுத்துக்கொண்டு வேன் கதவுகளை வைத்தியர் மாதிரி தடவிப் பார்த்தாள். இடது கதவின் கீழ்ப்பக்கம் காந்தம் பிடிக்கவே இல்லை. பழைய சொந்தக்காரர் எங்கோ இடித்துப் பட்டி பார்த்துப் பெயின்ட் அடித்திருக்கிறார். இரும்பு இருக்க வேண்டிய இடத்தில் பட்டிதான் இருந்தது. இடி படாத வண்டி என்று சொல்லி விற்றவரை அப்பா இரண்டு நாள் வாயாரத் திட்டினார். அத்தை தகட்டில் செய்த போர்டை அதற்கு மேலே ஏற்றி வைத்தாள்.

எப்படி இருந்தது தெரியுமா? அரக்கு நிறம், சுற்றிலும் மாம்பழ மஞ்சளில் கோபுரக் கரை, நடுவில் என் பெயர். இரண்டு கதவுக்கும் இரண்டு. எழுத்தின் ஓரம் விரலை வைத்தால் தடுக்கவில்லை. நான் வேனைச் சுற்றிச் சுற்றி வந்தேன். இந்தப் பக்கம் நின்றாலும் நான், அந்தப் பக்கம் போனாலும் நான்.

அத்தை அப்பாவிடம் ஒவ்வொன்றாகச் சொன்னாள். கதவில் தூசியோ ஈரமோ இருக்கும்போது மாட்டக் கூடாது, இரண்டுக்கும் நடுவில் மண் சிக்கினால் பெயின்ட் கீறும். வாரத்துக்கு ஒரு முறை கழற்றிப் பின்பக்கம் துடைக்க வேண்டும். மழை பிடித்தால் எடுத்துவிட வேண்டும்.

"கழட்டினா வெளிய போட்டுடாதண்ணா. உள்ள பத்திரமா வெச்சிடு."

"சரி சரி. பொருளைப் பத்திரமா வெக்கறதுக்கு எனக்குச் சொல்லித் தரணுமா?" என்றார் அப்பா.

அன்று ஞாயிற்றுக்கிழமை. தேவிகாபுரத்தில் ஒரு தறிக்காரருக்குப் பாவு கொடுக்க வேண்டியிருந்தது. நான் அடம்பிடித்து முன் சீட்டில் ஏறிக்கொண்டேன். வழியெல்லாம் என் பெயரை யார் யார் படிக்கிறார்கள் என்று பார்த்துக்கொண்டே போனேன். டீக்கடையில் நின்றவர்கள் படித்தார்கள். பஸ்ஸில் ஜன்னலோரம் இருந்த ஒரு அம்மா உதட்டை அசைத்துப் படித்தாள். கோயில் வாசலில் வண்டியை நிறுத்தியபோது நான் இறங்கிப் போர்டுக்குப் பக்கத்திலேயே நின்றேன். அந்தப் பெயர் என்னுடையதுதான் என்பது நாலு பேருக்குத் தெரிய வேண்டாமா?

திரும்பி வரும்போதுதான் அது நடந்தது. எங்கள் தெருமுனையில் அப்பா வண்டியை நிறுத்தினார். இறங்கினார். இரண்டு போர்டையும் கழற்றி, தோளில் இருந்த துண்டில் சுற்றி, சீட்டுக்குப் பின்னால் வைத்தார். பிறகு வெறும் வேனைத் தெருவுக்குள் ஓட்டினார். யார் பார்த்தால் என் பெருமை ஏறுமோ, அந்தத் தெருவுக்கு வந்ததும் என் பெயர் துண்டுக்குள் போய்விட்டது.

எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. தங்கச்சி செய்த போர்டைத் தெருவில் காட்ட அப்பாவுக்கு வெட்கம் என்று முடிவு கட்டினேன். அம்மாவிடம் போய்ச் சொன்னேன். அம்மா, "போடி, வேலையப் பாரு" என்று சொல்லிவிட்டாள்.

மறுநாளே மழை பிடித்துக்கொண்டது. ஐப்பசி மழை, ஒரு வாரம் விடவில்லை. தறிக்குழியில் தண்ணீர் ஊறியது, பாவு காயவில்லை, ஊரே பேஜாராகிக் கிடந்தது. வேன் நின்ற இடத்திலேயே நின்றது. போர்டு எங்கே என்று கேட்டால் அப்பா, "பத்திரமா இருக்குது" என்பார். மழை விட்டதும் வெள்ளிக்கிழமை வந்து பார்க்கிறேன் என்று பெரிய கடைக்காரர் சொல்லி அனுப்பினார்.

வெள்ளிக்கிழமை காலையில் அத்தை எண்ணெய் வைத்துத் தலைவாரி, பூ வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். வேன் கதவை அவளே ஈரத்துணியால் துடைத்து, காய்ந்த துணியால் மறுபடி துடைத்தாள். "போர்டை எடுத்தாண்ணா, ஜல்தி. அவரு வந்துகினு இருக்காராம்."

அப்பா உள்ளே போய் பீரோவைத் திறந்தார். மேல்தட்டிலிருந்து ஒரு வெள்ளைத் துணிப் பொதியை இரண்டு கையாலும் எடுத்து வந்தார். முடிச்சை அவிழ்த்தார். உள்ளே என் பெயர் இருந்தது. நாலாக மடிந்து இருந்தது.

அப்பா பட்டுக்காரர். பட்டை எப்படிப் பத்திரமாக வைப்பார்களோ அப்படி வைத்திருக்கிறார். கரை உள்பக்கம் வரும்படி மடித்து, வெள்ளைத் துணியில் சுற்றி, மேலே புடவைகளைப் பாரமாக வைத்து. அதோடு விட்டிருந்தால் ஒன்றிரண்டு கோடுதான் விழுந்திருக்கும். ஒரே மடிப்பில் கிடந்தால் ஜரிகை ஒடிந்துவிடும் என்று எங்கள் ஊரில் புடவையை எடுத்து மடிப்பை மாற்றி வைப்பார்கள். மனுஷர் அந்த மரியாதையையும் செய்திருக்கிறார். இரண்டு நாளைக்கு ஒரு முறை எடுத்து, மடிப்பை மாற்றி மாற்றி வைத்திருக்கிறார். பிரித்துப் பார்த்தால் குறுக்கும் நெடுக்கும் வெடிப்பு. என் பெயரின் நடு எழுத்து இரண்டாகப் பிளந்திருந்தது.

அம்மா வாயைப் பொத்திக்கொண்டாள். அப்பாவுக்கு முகம் செத்துவிட்டது. நான் அத்தையைப் பார்த்தேன். அவள் கத்துவாள், அழுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் அந்த வெள்ளைத் துணியையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு போர்டை வாங்கிக் கதவில் வைத்தாள். மடிப்பு விழுந்த இடமெல்லாம் கதவைத் தொடாமல் கூடாரம் மாதிரி எழும்பி நின்றது.

வாசலில் கார் வந்து நின்றது.

பெரிய கடைக்காரர் இறங்கி வந்து குனிந்து பார்த்தார். விரலால் ஒரு வெடிப்பைத் தடவினார். "இன்னாம்மா இது, ஒரு மழைக்கே இப்டி ஆயிடுச்சா?"

அண்ணன் தப்பை அடுத்தவர் எதிரில் சொல்லுகிறவள் இல்லை அத்தை. சொல்லாவிட்டால் நான்கு வேன் போகும், அதோடு கடையும் போகும். அது அவளுக்குத் தெரியும். தெரிந்தும் கால் கட்டை விரலைப் பார்த்துக்கொண்டு நின்றாள். கடைக்காரர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். கிளம்பப் போகிறார் என்று எனக்கே தெரிந்தது.

அப்போது அப்பா முன்னால் வந்தார். ஊரில் எந்த வியாபாரி எதிரிலும் ஒரு பேச்சு விட்டுக்கொடுக்காத மனிதர் அவர். பட்டில் தனக்குத் தெரியாதது இல்லை என்று பேர் எடுத்தவர்.

"அது மழைல போனது இல்லீங்க. நான்தான் புடவைன்னு நெனச்சிகினு நாலா மடிச்சி பீரோல வெச்சிட்டேன். மடிப்பு வேற மாத்தி மாத்தி வெச்சேன். வேலைல ஒரு குத்தமும் இல்ல. இது என் தங்கச்சி கையால செஞ்சது. தேவிகாபுரம் வரைக்கும் போயி வந்தேன், ஒரு அசைவு அசையல. புத்தி கெட்டது நான்தான்."

பெரிய கடைக்காரர் அப்பாவையே பார்த்தார். பிறகு சிரிக்க ஆரம்பித்தார். சிரித்துச் சிரித்து வேன் கதவைப் பிடித்துக்கொண்டார். "மடிப்பு மாத்தி வெச்சீங்களா? நானா இருந்தா நாப்தலின் உருண்டையும் சேத்துப் போட்டிருப்பேன்" என்றார். கண்ணைத் துடைத்துக்கொண்டு அத்தையிடம் திரும்பினார்.

"நாலு வண்டிக்கும் போடும்மா. மடிக்கக் கூடாதுன்னு அதுலயே எழுதிக் குடுத்துடு. எங்க வீட்லயும் பட்டுக்காரங்கதான் இருக்கோம்."

அத்தை எழுதிக் கொடுத்தாள். அன்றிலிருந்து அவள் செய்த ஒவ்வொரு காந்த போர்டின் பின்னாலும் ஒரு சின்னச் சீட்டு ஒட்டியிருக்கும்: 'மடிக்காதீர்கள். இது புடவை அல்ல.' இன்றைக்கு அவள் கடை இரண்டு மாடி. போளூர் ரோட்டிலும் ஒரு கிளை இருக்கிறது. கடை வேண்டாம் என்று சொல்லாத ஒரு நல்ல மனிதரைக் கல்யாணமும் செய்துகொண்டாள். ஆரணியைச் சுற்றி ஓடுகிற பட்டு வேன்களில் பாதிக்கு மேல் அவள் கைவேலைதான். இதைச் சொல்லும்போது எனக்கு இன்னமும் கழுத்து கொஞ்சம் நீண்டுவிடுகிறது.

எங்கள் வேனுக்குப் புதுப் போர்டு வந்தது. கெட்டுப்போன இரண்டையும் அத்தை கேட்டு வாங்கிக்கொண்டு போனாள். மிச்சம் மீதியை வீணாக்க மாட்டாள் அவள். வெட்டி, பிரிட்ஜ் கதவில் ஒட்டும் பூவும் கிளியும் செய்வாள். எனக்குக் கிளி செய்து தருவாள் என்று காத்திருந்தேன். எங்கள் வீட்டில் பிரிட்ஜ் கிடையாது, ஆனாலும் காத்திருந்தேன். அவள் வெட்டவே இல்லை. அந்த வெடிப்புகளோடு அப்படியே கடைக்குள் மெஷினுக்குப் பின்னால் சாய்த்து வைத்துவிட்டாள். திட்ட வேண்டிய அண்ணனைத் திட்டாமல், கெட்டுப்போன பொருளைக் காப்பாற்றி வைத்திருக்கிறாளே என்று எனக்குக் கோபம். பயந்தாங்கொள்ளி என்று நினைத்துக்கொண்டேன்.

எனக்கு விளங்க வருஷங்கள் ஆயின. பீரோவின் மேல்தட்டில், வெள்ளைத் துணியில் சுற்றி அப்பா அதுவரை வைத்திருந்தவை மொத்தமே இரண்டு. ஒன்று அம்மாவின் கூரைப்புடவை. இன்னொன்று அவர் தனியாக உட்கார்ந்து முதன்முதலில் நெய்த புடவை. அதை அவர் யாருக்கும் விற்கவில்லை. அந்த இரண்டையும் மடிப்பு மாற்றி வைக்க அம்மாவைக்கூட விடமாட்டார். தெருப் பையன்கள் கைவைத்துவிடுவார்கள் என்று முனையிலேயே கழற்றித் துண்டில் சுற்றி எடுத்து வந்ததை அங்கேதான் வைத்திருந்தார். கடைக்குப் பொங்கல் வரை கெடு வைத்த மனிதர், அந்தக் கெடுவை ஐப்பசி மழையிலேயே விட்டுவிட்டிருக்கிறார். ஒருவரிடமும் சொல்லவில்லை. அது அன்று காலை வெள்ளைத் துணியைப் பார்த்ததுமே அத்தைக்குத் தெரிந்துவிட்டது. பக்கத்தில் நின்ற நானோ, என் பெயர் பிளந்துபோனதே என்று அழுதுகொண்டிருந்தேன்.