கேன் தண்ணீர் வீடு

என் வேலை என்ன என்று கேட்பவர்களுக்கு நான் சொல்லும் பதில் வருடத்துக்கு வருடம் சுருங்கிக்கொண்டே வருகிறது. ஆரம்பத்தில், ஒரு நோய் ஊருக்குள் எப்படிப் பரவுகிறது, யாருக்கு வருகிறது, யாரை விட்டுவிடுகிறது என்று ஆராய்வது என்று நீட்டி முழக்குவேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அப்போ மருந்து எழுதித் தர மாட்டீங்களா?" என்பார்கள். இப்போது "கேள்வி கேட்கிற வேலை" என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறேன். சித்தூரில் ஆபீஸ், திருப்பதியில் வீடு. சுற்றுவட்டாரத்தில் எங்கே நாலு பேருக்குச் சேர்ந்தாற்போல் வயிற்றால் போனாலும் எனக்குப் போன் வரும்.

அப்படி ஒரு கோடையில் நகரிக்குப் பக்கத்து நெசவுத் தெரு ஒன்றுக்குப் போனேன். ஊர்ப் பெயர் வேண்டாம். வாந்தியும் பேதியுமாகத் தெருவில் பாதி வீடுகள் படுத்திருந்தன. ஒரு குழந்தை இறந்திருந்தது. இரண்டாம் நாளே பிள்ளைகள் எனக்கு "பேதி மேடம்" என்று பெயர் வைத்துவிட்டார்கள். நான் தெருமுனையில் இறங்கும்போதே அந்தப் பெயர் எனக்கு முன்னால் ஓடும். அதில் எனக்குக் கோபமில்லை. படித்து வாங்கிய பட்டத்தைவிட அது என் வேலையைச் சரியாகச் சொன்னது.

நோய் வந்த வீட்டில் கேட்கும் அதே கேள்விகளை நோய் வராத வீட்டிலும் கேட்க வேண்டும். என்ன சாப்பிட்டீர்கள், எங்கே சாப்பிட்டீர்கள், எந்தத் தண்ணீர் குடித்தீர்கள். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் எது வேறுபடுகிறது என்று தெரியும். ஜனங்களுக்கு இது பிடிப்பதில்லை. "எங்களுக்குத்தான் ஒன்னும் இல்லியே, எங்கள இன்னாத்துக்குக் கேக்கறீங்க?" என்று ஒரு அம்மா கதவைச் சாத்தினார். மறுநாள் அவரே கூப்பிட்டு மோர் கொடுத்துப் பதிலும் சொன்னார்.

தெருக் குழாய்த் தண்ணீரைப் பிடித்து ஒரு சொட்டு மருந்து விட்டுப் பார்ப்போம். குளோரின் இருந்தால் மஞ்சளாக மாறும். தெருவின் தொடக்கத்தில் மஞ்சளானது, சாக்கடையைத் தாண்டிய பிறகு நிறமே மாறவில்லை. அந்தப் பக்கத்து வீடுகளில்தான் நோய். அங்கேயே கேன் தண்ணீர் வாங்கிக் குடித்தவர்கள் சௌக்கியமாக இருந்தார்கள். எல்லாம் பொருந்தி வந்தது, ஒரு வீட்டைத் தவிர. குழந்தை இறந்த வீடு. அவர்களும் கேன் தண்ணீர்தான்.

ஐந்து வயதுப் பெண் குழந்தை. முன்னறையில் இரண்டு பவர்லூம், பின்னால் சமையல். அம்மாவுக்கு முப்பது வயதுகூட இருக்காது. நான் கேட்பதற்கு முன்பே சொல்லத் தொடங்கிவிட்டாள். கை முறிந்த தன் தாயாரைக் கட்டு மாற்றப் புத்தூருக்குக் கூட்டிப் போயிருந்தாள். திரும்பும்போது பஸ் ஸ்டாண்டில் மிளகாய்த்தூள் தூவிய மாங்காய்க் கீற்று வாங்கி வந்தாள். குழந்தை ஆசையாகத் தின்றது.

"அந்த மாங்காதான் மேடம். வேற இன்னா இருக்குது? கொழாய்த் தண்ணில நாங்க வாய்கூடக் கொப்பளிக்க மாட்டோம்."

சொந்தக்காரர்களும் அதையே சொல்லிக்கொண்டிருந்தார்கள். அவள் எதிரிலேயே சொன்னார்கள்.

மேலதிகாரிக்கு இந்த ஒரு வீடு உறுத்தியது. போனில் "இங்கோசாரி அடகண்டம்மா" என்றார். இன்னொரு முறை கேளுங்கள் என்று அர்த்தம். இறந்த வீட்டில் இன்னொரு முறை கேட்பது எப்படி இருக்கும் என்று அவருக்கும் தெரியும், அவரும் கேட்டுக் கேட்டு மேலே வந்தவர்தான்.

மறுபடி போனபோது தறிகள் ஓடிக்கொண்டிருந்தன. பவர்லூம் ஓடும் அறையில் காதோடு வாய் வைத்துக் கத்தினால்தான் பேச்சு. மனைவி நாலடி தள்ளி உட்கார்ந்து நூல் சுற்றிக்கொண்டிருந்தாள். கணவர் என்னைத் தறிக்குப் பக்கத்தில் வரச் சொல்லிக் கையைக் காட்டினார். துணியைக் காட்டுகிறார் என்று நினைத்தேன்.

"அன்னைக்கி இவ புத்தூருக்குப் போயிருந்தா," என்று காதருகே கத்தினார். "கேன் தீந்துபோச்சி. தறி ரெண்டும் ஓடிக்கினு இருக்குது. நைனா தண்ணின்னு பாப்பா வந்து நின்னுச்சி. கொழாயில ஒரு சொம்பு புடிச்சிக் குடுத்துட்டேன் மேடம். நானும் குடிச்சேன். எனக்கு ஒன்னும் ஆவல."

அந்தச் சத்தத்தில் மனைவி நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"அவளாண்ட மட்டும் சொல்லிடாதீங்க."

சொல்ல மாட்டேன் என்றேன். ஒவ்வொரு வீட்டிலும் கேள்விக்கு முன்னால் நான் கொடுக்கும் வாக்குதான் அது. நீங்கள் சொல்வது என்னோடு இருக்கும். அந்த வாக்கு இல்லாவிட்டால் யாரும் வாயைத் திறக்க மாட்டார்கள், அடுத்த தெருவைக் காப்பாற்ற முடியாது.

அன்று பஸ்ஸில் திரும்பும்போது எனக்குச் சந்தோஷமாக இருந்தது. இதை எழுதக் கூச்சமாக இருக்கிறது, ஆனால் இருந்தது. பொருந்தாத ஒரு வீடும் பொருந்திவிட்டது. குறுக்கெழுத்தில் கடைசிக் கட்டம் நிரம்பினால் வரும் திருப்தி. புத்தூர் தாண்டிய பிறகுதான் அந்த மனிதர் முகம் நினைவுக்கு வந்தது, எனக்கே என்னைப் பிடிக்காமல் போனது.

சாக்கடை ஓரம் தோண்டினார்கள். குழாய் விரிசல் விட்டிருந்தது. மாற்றினார்கள், நோய் நின்றது. சாதாரணமாக இதோடு என் வேலை முடிந்துவிடும். அதற்குள் ஏர்பேடு பக்கம் காய்ச்சல் என்று போன் வந்துவிட்டது. ஆனால் அந்த மாங்காய் என்னை விடவில்லை. அந்தப் பெண் வாழ்நாள் முழுக்க ஒரு கீற்று மாங்காயைச் சுமக்கப் போகிறாளே என்று இருந்தது. இதையாவது இறக்கி வைத்துவிடலாம் என்று ஒரு நாள் நானாகக் கிளம்பிப் போனேன்.

அன்று அமாவாசை. நெசவாளர்கள் தறி ஓட்டாத நாள். வீடு அவ்வளவு அமைதியாக நான் பார்த்ததில்லை. கணவர் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். மனைவியிடம், மாங்காய் காரணமில்லை, குழாய்த் தண்ணீர்தான் இந்தத் தெருவையே படுக்க வைத்தது என்று சொன்னேன்.

அவள் யோசித்தாள். "நாங்க அதக் குடிக்கிறதே இல்லியே மேடம்."

நான் கணவரைப் பார்த்தேன். இப்போதாவது சொல்லிவிடு என்று மனசுக்குள் கெஞ்சினேன். அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அங்கே நான் வாயை மூடியிருக்க வேண்டும். சும்மா இருக்க முடியவில்லை. "கேன் தண்ணிகூட சில சமயம் சுத்தமா இருக்காதும்மா," என்றேன். பொதுவாகப் பார்த்தால் உண்மைதான். ஆனால் அந்தத் தெருவுக்கு வரும் கேன்களை நானே சோதித்திருந்தேன், அவற்றில் ஒரு குறையும் இல்லை.

அவள் முகம் மாறியதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

"கேன் போடறவன மாத்துனதே நான்தான்," என்றாள். "இவரு பழைய ஆளே இருக்கட்டும்னாரு. அவன் நேரத்துக்கு வர்றதில்லன்னு நான்தான் சண்டை போட்டு வேற ஆள வெச்சேன். அப்போ மாங்கா இல்ல. நான்தான்."

அழவில்லை. எதையோ தேடிக்கொண்டிருந்தவளுக்கு அது கிடைத்துவிட்டது போல மெதுவாகத் தலையாட்டிக்கொண்டாள். உன் மேல் தப்பே இல்லை என்று நான் திரும்பத் திரும்பச் சொன்னேன். ஆறுதலுக்குச் சொல்கிறேன் என்று எடுத்துக்கொண்டாள். கணவர் எழுந்து சட்டையை மாட்டினார்.

"மேடத்துக்கு நேரமாச்சி. பஸ் ஏத்திட்டு வந்துடறேன்."

மெயின் ரோடு வரை அவர் எனக்கு முன்னால் நடந்தார். அவரைத் திட்ட வேண்டும் போலவும் இருந்தது, பக்கத்தில் உட்கார்ந்து அழ வேண்டும் போலவும் இருந்தது. மகளை இழந்தவர், இனி மனைவியையும் இழந்துவிடுவோமோ என்று பயப்படுகிறார். திருப்பதி பஸ் வந்தது. நான் படியில் கால் வைத்தபோது அவர் இரண்டு கையையும் கூப்பினார்.

"ரொம்பத் தேங்க்ஸ் மேடம்," என்றார்.