அத்தை கட்டிய பெல்ட்

என் பத்தாவது வயதில் எனக்கு ஒரு உத்தியோகம் இருந்தது. அத்தையைக் கைபிடித்து அழைத்துப் போவது. அத்தை என்றால் அப்பாவின் தங்கை. ஏழு வயதில் அம்மை போட்டதில் அவளுக்குப் பார்வை போய்விட்டது. அனுமந்தன்பட்டியில் அவள் எந்தத் தெருவுக்குள் நுழைந்தாலும் ஒரு கையில் நான் தொங்கிக்கொண்டிருப்பேன். "அத்தைக்குக் கண்ணே இவதான்" என்று யாராவது சொல்லிவிட்டால் போதும், அன்றைக்கு முழுக்க என் கால் தரையில் பாவாது. கோயிலுக்கு, ரேஷன் கடைக்கு, பருத்திப்பால் வண்டிக்கு என்று நாளைக்கு நாலு நடை. பருத்திப்பாலில் எனக்கும் பங்கு உண்டு என்பதால் அந்த நடைக்கு மட்டும் நானே அத்தையை ஞாபகப்படுத்துவேன்.

எங்கள் வீட்டில் மெத்தை, தலையணை தைத்து விற்கிற தொழில். போடிப் பக்கமிருந்து இலவம்பஞ்சு மூட்டை மூட்டையாக வந்து இறங்கும். பஞ்சிலிருந்து விதையைப் பிரித்தெடுக்கிற வேலை அத்தையுடையது. அவள் விரலுக்கு ஒரு விதை தப்பாது. ஆனால் அந்த வேலை அவளுக்குக் கட்டோடு பிடிக்காது. மதுரையில் பார்வையற்றோர் பள்ளியில் விடுதியில் தங்கி பிளஸ் டூ வரை படித்தவள் அவள். பஞ்சு அறையிலிருந்து தும்மிக்கொண்டே வெளியே வருவாள். "செத்த பொணத்துக்குத்தான் மூக்குல பஞ்சு வப்பாக. எனக்கு உசுரோடயே வச்சிட்டாக" என்பாள். சிரித்துக்கொண்டுதான் சொல்வாள். நானும் சிரிப்பேன். அம்மா மட்டும் சிரிக்க மாட்டாள்.

அந்த வருஷம் அத்தைக்கு ஒரு வேலை வந்தது. பெரியகுளத்தில் ஒரு மில் அலுவலகத்தில் டெலிபோன் எடுத்துப் பேசுகிற வேலை. அவளோடு மதுரையில் படித்த தோழி அங்கே இருந்தாள். கல்யாணமாகிப் போகிறவள், தன் இடத்துக்கு அத்தையின் பெயரைச் சொல்லியிருந்தாள். மில்லிலிருந்து இரண்டு தெரு தள்ளிப் பெண்கள் விடுதி. சனிக்கிழமை சாயங்காலம் ஊருக்கு வந்து திங்கட்கிழமை விடிய பஸ் ஏற வேண்டும். அத்தை அன்று சாப்பிடவே இல்லை. சந்தோஷத்தில் பசி போகும் என்பதை அப்போதுதான் பார்த்தேன்.

அப்பா ஒரே வார்த்தையில் முடியாது என்றுவிட்டார்.

"மதுரையில நானே தனியாத்தான நடந்தேன், அண்ணே. கம்பு வச்சு நடக்கப் பழக்கித்தான் விட்டாக. அந்தக் கம்ப எடுத்துக் குடுங்க, நடந்து காட்டுறேன்" என்றாள் அத்தை.

"நான் உசுரோட இருக்கயில எந்தங்கச்சி ரோட்டுல கம்பு தட்டிட்டுப் போறதா? ஊரு என்ன பேசும்? சோறு போடாம வெரட்டிவிட்டேன்னு பேசாது?"

அப்பா கெட்டவர் இல்லை. அத்தைக்குக் காய்ச்சல் என்றால் இரவெல்லாம் விழித்திருப்பார். அந்த வெள்ளைக் கம்பைப் பார்த்தால் மட்டும் அவருக்கு ஆகாது. மடித்து பீரோவுக்கு மேலே போட்டுவைத்திருந்தார். எனக்கு அப்பாவின் முடிவு மிகவும் பிடித்திருந்தது. உத்தியோகம் போகாதல்லவா!

இந்த நேரம் பார்த்து மாமா வந்து சேர்ந்தார். அம்மாவின் தம்பி. தேனிப் பக்கம் ஒரு கல்லூரியில் எலெக்ட்ரானிக்ஸ் கடைசி வருஷம். படிப்பு முடிய ஏதாவது செய்து காட்டியாக வேண்டுமாம். நாலு மாதமாக எங்கள் வீட்டு மாடியில் சூட்டுக்கோலும் ஈயமுமாகப் புகை கிளப்பிக்கொண்டிருந்தார். கடைசியில் இறங்கி வந்தபோது கையில் ஒரு பெல்ட். என் பழைய ஸ்கூல் பேக் வார்தான் பெல்ட். அதன் நடுவில் தீப்பெட்டி அளவு ஒரு டப்பா. டப்பாவில் இரண்டு உருண்டைக் கண்கள், பின்பக்கம் பேட்டரி, உட்பக்கம் பழைய செல்போனிலிருந்து கழற்றிய அதிர்கிற மோட்டார்.

"வவ்வால் இருக்குல்ல மதினி, அது மாதிரிதான். ஒரு கண்ணு சத்தம் போடும், நமக்குக் கேக்காது. எதுர ஏதாச்சும் இருந்தா சத்தம் பட்டுத் திரும்பும். இன்னொரு கண்ணு அதக் கேட்டுட்டு இடுப்புல அதிரும். கிட்டக்கப் போகப் போக வேகமா அதிரும்" என்று அத்தைக்கு விளக்கினார்.

அத்தை பெல்ட்டைக் கட்டிக்கொண்டு நடந்தாள். நிலைக்கதவு அருகே நின்றாள். தூண் அருகே நின்றாள். அம்மா குறுக்கே போனபோது, "எவ அவ குறுக்க போறவ?" என்றாள். வீடே கைதட்டியது. நான் தட்டவில்லை.

அப்பா பெல்ட்டைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கம்பு என்றால் அவமானம், மிஷின் என்றால் கௌரவம். அவர் முகம் மாறுவது எனக்கே தெரிந்தது. "ஞாயித்துக்கிழம நம்ம வீட்டுலருந்து பஸ் ஸ்டாப் வரைக்கும் தனியாப் போகட்டும். யாரும் கையப் பிடிக்கக் கூடாது, வாயத் தொறக்கக் கூடாது. எங்கயும் இடிக்காமப் போய்ச் சேந்துட்டா வேலைக்கு அனுப்புறேன். இல்லேன்னா இந்தப் பேச்ச இத்தோட விட்டுரணும்" என்றார். அத்தை சரி என்றாள். மாமாவோ வேலை தனக்கே கிடைத்தது போல் குதித்தார்.

குதித்து முடித்து எல்லோரையும் கூப்பிட்டு ஒரு எச்சரிக்கையும் கொடுத்தார். "இந்த வீடு பூராம் பஞ்சு. இந்தக் கண்ணுல பஞ்சு அடைச்சுச்சு, சத்தத்தப் பூராம் குடிச்சிரும். பெல்ட்டு செவிடாப் போகும்." அதற்காகவே கண்களுக்கு முன்னால் கொசுவலைத் துணியில் ஒரு கறுப்புத் திரை தைத்திருந்தார். யார் கேட்டார்களோ இல்லையோ, நான் கேட்டுக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை அத்தை குளிக்கப் போயிருந்தாள். பெல்ட் கொடியில் தொங்கியது. பஞ்சு அறையில் நல்ல வெள்ளைப் பஞ்சாகப் பொறுக்கி இரண்டு உருண்டை உருட்டினேன். கொசுவலைத் திரையைத் தூக்கி, கண்ணுக்கு ஒன்றாக அமுக்கி வைத்தேன். திரையை இறக்கிவிட்டால் ஒன்றும் தெரியவில்லை. என் கணக்கு இதுதான்: பெல்ட் வேலை செய்யாது, அத்தை வாசலிலேயே நின்றுவிடுவாள், "நீயே வா புள்ள" என்று கையை நீட்டுவாள். அவள் எங்கேயாவது இடித்துக்கொண்டு விழுவாள் என்பது என் கணக்கில் வரவே இல்லை. அவ்வளவு கெட்டிக்காரி நான்.

அத்தை புதுச்சேலை கட்டி, அதன் மேல் பெல்ட்டைக் கட்டினாள். மாமா சுவிட்சைப் போட்டார். சிவப்பு விளக்கு எரிந்தது. ஒரு தடவை கையை நீட்டிப் பார்த்திருந்தால் என் குட்டு அங்கேயே உடைந்திருக்கும். அவர் செல்போனில் படம் எடுக்கிற பரபரப்பில் இருந்தார். அத்தை நிலையைத் தாண்டிப் படி இறங்கினாள். கடைசிப் படியில் ஒரு கணம் நின்றாள். அவள் கை இடுப்புக்குப் போனது. இதோ கூப்பிடப் போகிறாள் என்று நான் முன்னால் போனேன்.

அவள் கூப்பிடவில்லை. நடந்தாள்.

பத்தடி பின்னால் அப்பா, கையைப் பின்னுக்குக் கட்டிக்கொண்டு. அவர் பக்கத்தில் மாமா. தெருவில் வாசலுக்கு வாசல் ஆட்கள். கரண்டுக் கம்பத்துக்கு ஒரு முழம் முன்னால் அத்தை நின்று, இடுப்பைத் தொட்டுப் பார்த்து, இடப்பக்கம் ஒதுங்கிப் போனாள். "பாத்தீகளா மச்சான், அதிர்ந்துருச்சு!" என்று மாமா கத்தினார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. வாய்க்கால் பாலத்தருகே வாழைத்தார் ஏற்றிய டிராக்டர் ஒன்று பாதி ரோட்டை அடைத்து உறுமிக்கொண்டிருந்தது. அங்கேயும் நின்றாள், ஒதுங்கினாள், போனாள். பஞ்சு கீழே விழுந்துவிட்டதோ? அதைப் பார்க்கத்தான் ஓரமாக ஓடி அவளுக்கு முன்னால் போனேன்.

அதனால்தான் அதை நான் மட்டும் பார்த்தேன். ஒரு வீட்டு முன்னால் பந்தல் போட மூங்கில் இறக்கியிருந்தார்கள். சுவரில் சாத்திய கட்டிலிருந்து ஒரு மூங்கில் மட்டும் வயிற்று உயரத்துக்கு ரோட்டில் நீட்டிக்கொண்டிருந்தது. அத்தை நேராக அதை நோக்கி வந்தாள். கத்த வேண்டும். வாயைத் திறக்கக் கூடாது என்று அப்பா சொல்லியிருந்தார். அதை விட, கத்தினால் பஞ்சு வைத்தது தெரிந்துவிடும் என்ற பயம் பெரிதாக இருந்தது. மூங்கில் அவள் வயிற்றில் குத்தியது. அவள் முகம் ஒரு நொடி சுருங்கியது. "அம்மா" என்று உதடு மட்டும் அசைந்தது. அடுத்த நொடி அந்த மூங்கிலைக் கையால் பிடித்துக்கொண்டு, வீட்டுப் பக்கம் திரும்பி, ஊருக்கே கேட்கிற குரலில் கேட்டாள்:

"என்னத்தா, பந்தல் சாமானெல்லாம் வந்து எறங்கியிருக்கு! என்ன விசேசம்?"

"பேத்திக்குக் காதுகுத்துத்தா! புதங்கெழம. வந்துரணும்!" என்றது உள்ளிருந்து ஒரு குரல்.

"வராம இருப்பேனா!" என்று சொல்லிவிட்டு, மூங்கிலைத் தடவிக்கொண்டே சுற்றிப் போனாள். பின்னால் வந்த அப்பாவுக்கு அவள் முதுகுதான் தெரிந்திருக்கும். விசேஷம் விசாரிக்க நின்றாள் என்றே எல்லோரும் நினைத்தார்கள். மூங்கிலைக்கூட பெல்ட் கண்டுபிடித்துவிட்டதே என்று மாமா பூரித்துப் போனார்.

பஸ் ஸ்டாப் வந்தது. அத்தை அங்கிருந்த பெஞ்சைக் காலால் தொட்டு உட்கார்ந்தாள். அப்பா அவள் பக்கத்தில் போய் நின்றார். பிறகு, "சரித்தா. எந்தத் தேதின்னு கேட்டுட்டு வேலையில சேந்துக்க" என்று சொல்லிவிட்டுத் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு அந்தப் பக்கம் திரும்பிவிட்டார். டீக்கடையில் மாமாவைச் சுற்றிக் கூட்டம். அத்தை வயிற்றில் கையை வைத்தபடி சிரித்துக்கொண்டிருந்தாள். அப்படி ஒரு சிரிப்பை அவளிடம் அதற்கு முன் நான் கண்டதில்லை. எனக்கு அழுகை வந்தது.

மத்தியானம் பஞ்சு அறையிலிருந்து குரல் கொடுத்தாள். "ஏ புள்ள, இங்கன வா. கதவச் சாத்து."

பெல்ட் அவள் மடியில் இருந்தது. கொசுவலையைத் தூக்கி, கொண்டை ஊசியால் இரண்டு பஞ்சுருண்டைகளையும் எடுத்து என் உள்ளங்கையில் வைத்தாள். "இது தானாப் போயி உக்காந்துச்சாக்கும்?"

"நீ போகாத அத்த" என்று அவள் இடுப்பைக் கட்டிக்கொண்டேன். "ஸ்..." என்று பின்வாங்கினாள். சேலைக்குள் வயிறு கன்றிச் சிவந்திருந்தது. நான் ஓவென்று அழுதேன். அவள் என்னைத் திட்டவில்லை. அவளும் கொஞ்சம் அழுதாள் என்றுதான் நினைக்கிறேன். மூக்கை உறிஞ்சியது பஞ்சுத் தூசிக்காகவும் இருக்கலாம்.

அழுகை ஓய்ந்ததும் என் சந்தேகத்தைக் கேட்டேன். "அதிரவே இல்லையே அத்த. கம்பத்துக்கிட்ட எப்புடி நின்ன?"

"சின்னதுலருந்து நடக்குற தெரு. கம்பம் எங்கன நிக்குதுன்னு எனக்குத் தெரியாதா? டிராக்டரு கத்துது, வாழத்தாரு மணக்குது. அந்த மூங்கிலுதான் வாயில்லாத சீவன், குத்திப்புருச்சு. பெல்ட்டு நல்லாருந்தா அதையும் சொல்லியிருக்கும்."

"செவிடாப் போச்சுன்னு தெரியுமா ஒனக்கு?"

"நெலையத் தாண்டயில அதிரணும். அதிரல. அப்பயே தெரியும்."

"அப்ப ஏன் மாமாகிட்டச் சொல்லல?"

"சொன்னா?" என்றாள். "சொன்னா ஒங்கப்பா என்ன சொல்லியிருப்பாக? மிஷின நம்ப முடியாது, வீட்டுக்கு வான்னுருப்பாக." பிறகு என் கையை இறுக்கிப் பிடித்தாள். "இது நமக்குள்ள. ஒங்கப்பாகிட்ட மூச்சு விடப்படாது. குச்சனூரு சனீசுவரன் மேல சத்தியம் பண்ணு."

குச்சனூர் சனீஸ்வரன் மேல் பொய்ச் சத்தியம் செய்தவர்களுக்கு என்ன ஆகும் என்று எங்கள் பள்ளியில் எல்லோருக்கும் தெரியும். பண்ணினேன்.

அடுத்த மாதம் அத்தை பெரியகுளம் போனாள். இன்றைக்கும் அங்கேதான் இருக்கிறாள். பீரோவுக்கு மேலிருந்த கம்பை அம்மாதான் அப்பாவுக்குத் தெரியாமல் அவள் பைக்குள் வைத்தாள். அங்கே இரண்டும் வேண்டியிருந்தது. தரையில் உள்ளதைக் கம்பு சொல்லும், மேலே நீட்டிக்கொண்டிருப்பதை பெல்ட் சொல்லும். ஊருக்கு வரும்போது மட்டும், பஸ் உத்தமபாளையம் தாண்டியதும் கம்பை மடித்துப் பைக்குள் போட்டுவிடுவாள். அப்பா பஸ் ஸ்டாப்பில் நின்றுகொண்டு, "எம்மச்சினன் செஞ்ச மிஷினு" என்று பக்கத்தில் நிற்பவரிடம் பெல்ட்டைக் காட்டுவார்.

அந்த ரகசியத்தை நான் காப்பாற்றினேன். காப்பாற்றியதில் எனக்கு ரொம்ப நாள் பெருமைகூட இருந்தது. அத்தை எவ்வளவு நல்லவள், அப்பாவின் அடியிலிருந்து என்னைக் காப்பாற்றத்தான் சத்தியம் வாங்கினாள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். சத்தியம் கேட்டபோது என் கையை அவள் அப்படி இறுக்கியதும் என் முதுகுக்காகத்தான் என்று நம்பினேன். வயிற்றில் மூங்கில் குத்தி வாங்கிய வேலை, ஒரு பத்து வயதுப் பெண்ணின் வாயிலிருந்து ஒரு வார்த்தை தவறினால் போய்விடும் என்று அவள் பயந்திருக்கிறாள். அப்போது எனக்கு அது தெரியாது. நான் சனீஸ்வரனுக்கும் அப்பாவின் கைக்கும் பயந்துதான் வாயை மூடிக்கொண்டிருந்தேன்.