ஒரு கண்ணுக்கு அறுபது ஹெர்ட்ஸ்

இன்று சரவணம்பட்டியில் ஒரு கம்ப்யூட்டர் கடைமீது படையெடுத்தேன். கையில் நேற்று அங்கேயே வாங்கிய 3டி மானிட்டரும், அதன் கறுப்புக் கண்ணாடியும்.

"ஏனுங்க, ஒரு கண்ணுக்கு நூத்தியிருபது ஹெர்ட்ஸுன்னு சொல்லித்தானுங்க வித்தீங்க? ஒரு கார் ரேஸ் கேம் ஓட்டறதுக்குள்ள தலை பல்லடத்துத் தறியாட்டம் அடிக்குதுங்க!"

கடைக்காரர் கும்பிட்டார். "நூத்தியிருபதேதானுங்க. பெட்டியிலயே போட்டிருக்குதுங்களே."

"அது திரைக்குங்க, நொடிக்கு நூத்தியிருபது படம். 3டியில ஒரு படம் இடது கண்ணுக்கு, அடுத்தது வலது கண்ணுக்குன்னு மாறி மாறி வருமுங்க. அப்ப ஒரு கண்ணுக்கு நொடிக்கு அறுபதுதானுங்களே?"

"உங்களுக்கு ரெண்டு கண்ணு இருக்குதுங்களே. கூட்டிக்கோங்க."

எட்டுத் திக்கும் அதிரும்படி மேஜையைத் தட்டினேன். அதன்மேலிருந்த டீ டம்ளர் லேசாக அசைந்தது.

"மாத்திக் குடுங்க. இல்லீன்னா நீங்களே மாட்டி ஓட்டிக் காட்டுங்க."

அங்கேயே மானிட்டரைப் பொருத்தினார், கண்ணாடியை மாட்டினார், ஓட்டினார். மூன்றாவது வளைவில் கண்களை இறுக மூடி, மேஜையைக் கட்டிப் பிடித்துக்கொண்டார்.

"அருமையா இருக்குதுங்க," என்றார், கண்ணைத் திறக்காமலே. "மாத்தறதுக்கில்லீங்க."

என் ஏழு தலைமுறையும் இந்த வாசலை மிதிக்காது என்று சூளுரைத்து, மானிட்டரைத் தூக்கிக்கொண்டு படியிறங்கினேன்.

"போயிட்டு வாங்க," என்றார்.

"வாரேனுங்க," என்று சொல்லித் தொலைத்தேன்.

சண்டை போட்ட கடையிலிருந்து 'போகிறேன்' என்று மட்டும் சொல்லிக் கிளம்பத் தெரிந்த கோயமுத்தூர்க்காரர் யாராவது இருந்தால், கமெண்டில் வந்து எனக்கும் கற்றுக்கொடுங்கள்.