ராமக்காள் கண்டுபிடித்த மைனஸ்

ஒகேனக்கல்லில் மீன் வறுத்து விற்கும் ராமக்காளிடம்தான் அந்த வீட்டின் ஒரே ஸ்மார்ட்போன் இருந்தது. மகள் காவியா ஒன்பதாம் வகுப்பு. அவளுடைய கணக்கு ஆசிரியர் மாதவராஜ், மறுநாள் பாடத்தைப் பத்து நிமிட வீடியோவாக எடுத்து, முந்தின மத்தியானமே வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிடுவார். பிள்ளைகள் வீட்டில் அதைப் பார்த்துவிட்டு வரவேண்டும். வகுப்பில் நாலைந்து பேராக உட்கார்ந்து கணக்குப் போடுவார்கள்.

அம்மா கடை கட்டி வந்த பிறகுதான் காவியா கைக்குப் போன் வரும். அதுவரை, கூட்டம் இல்லாத நேரத்தில் ராமக்காள் அந்த வீடியோக்களைப் பார்க்கத் தொடங்கினாள். எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவள். புரியாத இடத்தில் நிறுத்தி, பின்னுக்குத் தள்ளி, மறுபடி பார்த்தாள். பொட்டலம் கட்டும் தாளில் போட்டும் பார்த்தாள்.

ஒருநாள் காரணிப்படுத்தும் கணக்கு. வீடியோவில் சார் போட்ட விடை இடித்தது. இரண்டு தரம் போட்டுப் பார்த்துவிட்டுக் குரல்பதிவு அனுப்பினாள். "சார், அஞ்சு எக்ஸுக்கு முன்னாடி மைனஸ் இருக்குதுங்களே, அப்போ ரெண்டுக்கும் மூணுக்கும் முன்னாடி மைனஸ்தானுங்களே வரணும்?"

அனுப்பிய பிறகுதான் அது குழுவுக்கே போய்விட்டது தெரிந்தது. நாற்பது வீட்டுக்குக் கேட்டிருக்கும். அழிக்கத் தெரியாமல் தடுமாறும்போதே பதில் வந்தது.

"சரிதான், தப்பு என்னுதுதான். காவியாவா பேசறது?"

"இல்லைங்க சார். அவங்கம்மா."

மறுநாள் காவியா முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வந்தாள். "கிளாஸே உன்னைப் பத்தித்தான் பேசுது. மானம் போச்சு!"

"என்னன்னு பேசறாங்க?"

"உங்கம்மாவுக்கு வருது, நமக்கு வரலையேன்னு."

அந்த வாரமே மாதவராஜ் போன் செய்தார், பத்தாம் வகுப்பைத் தனித்தேர்வராக எழுதச் சொல்லி.

"வீடியோ பாத்தே பாஸாயிடலாங்களா சார்?"

"முடியாதுங்க. எதிர்ல உக்காந்து கேக்கணும். செவ்வாக்கிழமை உங்க கடை லீவுதானே? அன்னிக்குச் சாயங்காலம் ஸ்கூல்ல காவியா கிளாஸுக்கு ஸ்பெஷல் கிளாஸ் இருக்கு, நீங்களும் வாங்க."

போனாள். முதல் நாள் காவியா அம்மாவைத் தெரியாதவள்போல வேறு குழுவில் போய் உட்கார்ந்துகொண்டாள். வட்டம் வரையும் வீடியோவை ராமக்காள் ஆறு முறை பார்த்திருந்தாள். ஆனாலும் காம்பஸ் கையில் வழுக்கிக்கொண்டே போனது. மூன்றாவது தாளும் கிழிந்தபோது காவியா எழுந்து வந்தாள்.

"அழுத்தாதம்மா. மேல புடிச்சி, லேசா சுத்து."

வட்டம் வந்து கூடியது. அதற்குப் பிறகு இருவரும் ஒரே பெஞ்சில்தான்.

அடுத்த ஆண்டு தாயும் மகளும் ஒன்றாகப் பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதினார்கள். காவியா தேறிவிட்டாள். ராமக்காளுக்குக் கணக்கில் அறுபத்தெட்டு. ஆங்கிலத்தில் மட்டும் முப்பத்தொன்றில் நின்றுபோனது. அரைநாள் அழுதாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு மாதவராஜுக்குப் போன் போட்டாள்.

"இங்கிலீஷ் டீச்சரும் வீடியோ போடுவாங்களாங்க சார்?"